கூடின ஆயில்

சோப்புப் போட்டுக் கசக்கி, வெந்நீரில் முக்கி எடுத்தும் முந்தானையிலிருந்து அந்த மணம் போகவில்லை. கொடியில் கிடக்கிற சேலை காற்றுக்கு அசையும்போதெல்லாம் உன் வண்டியின் பானட்டை யாரோ திறந்த மாதிரி இருக்கிறது. சூடான எஞ்சின் ஆயில். கரிந்த எள்ளும் மண்ணெண்ணெயும் சேர்ந்த மணம் என்று நான் சொல்வேன். "நோக்கு மட்டும் எல்லாத்துலயும் எள்ளு வந்துடும்டி" என்று நீ சொல்வாய்.

நேற்று உன் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனோம். என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருக்கிறது. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். வேறு யாரிடமும் சொல்ல முடியாதபடி நீயே பண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

கை வலிக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, இத்தனை நீளம் எழுதிப் பழக்கமில்லை. "ஃபோன்ல பேசுங்க ஆச்சி, அதுவே எழுதிக்கிடும்" என்கிறாள் பேத்தி அனு. உன்னோடு பேச எனக்கு எதற்கு ஃபோன்?

முதலில் வண்டியின் நிலைமையைச் சொல்கிறேன். நீ போன பிறகு உன் மகன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, வண்டியை அனு பெயருக்கு மாற்றிக் கொடுத்தான். "ஓடற வரைக்கும் ஓடட்டும் மாமி, அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்" என்றான். நல்ல பிள்ளை. ஆனால் வண்டிக்கு இருபது வயதாகிவிட்டது. காகிதம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் சோதனையில் ஜெயிக்க வேண்டும். இதுவோ காலையில் கிளப்பினால் பின்னால் நீலமாகப் புகை விடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

அனு என் எதிரில் உட்கார்ந்து கைவிரலை மடக்கிப் பேசினாள். "ஆச்சி, ஒரு காரியம் சொல்லட்டா? பாஸ் ஆச்சுன்னா நான்தன்னே ஓட்டுதேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உங்களையும் கூட்டிட்டுப் போவேன். ஆகலேன்னா பொளிக்கக் குடுத்துரணும். பின்ன அழப்பிடாது."

பொளிப்பது என்றால் உடைத்து இரும்பாக்குவது. இந்த மலையாள ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. வருத்தமான சொல்லெல்லாம் அவளுக்கு மலையாளத்தில்தான் முதலில் வரும். பெரிய கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண். அதுவும் உன் வண்டியில், உன் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். எனக்கும் மல்லுக்கட்டத் தெம்பில்லை.

நீ இந்த வண்டியை வாங்கின நாள் நினைவிருக்கிறதா? கரமனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, முழங்காலில் கட்டோடு ஆபீஸ் போய்க்கொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு நாள் வாசலில் வெள்ளையாக ஒரு சின்னக் கார். தெருவே கூடிவிட்டது. இந்த வயசில் மாமிக்கு எதற்கு என்றார்கள். உன் மகனே, "நீ நல்லா ஓட்டக் கத்துண்டப்பறம் நான் ஏறறேன்மா" என்று ஒதுங்கிக்கொண்டான்.

நான் ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை. இடதுபக்கக் கதவைத் திறந்து, பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஏட்டி, எடு வண்டிய" என்றேன். அக்ரகாரத் தெருவில் உன்னை எல்லோரும் மாமி என்று கூப்பிடுகிறபோது நாஞ்சில் நாட்டுக்காரி நான் ஏட்டி என்றதும் நீ முகத்தைச் சுளித்தாய். "ஏட்டின்னு இன்னொரு தடவை சொன்னா நடுவழியில இறக்கி விட்டுடுவேன் பாத்துக்கோ." கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் வண்டி ஏழெட்டு இடத்தில் நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் ஏட்டி என்றேன். நீ இறக்கிவிடவில்லை. அதற்குப் பதிலாக எனக்கும் ஒரு பெயர் வைத்தாய். எங்கள் வீட்டுக்காரருக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் எண்ணெய்க் கடை இருந்ததால் நான் ஆரியசாலை. "ஏய் ஆரியசாலை, அந்தப் பக்கம் ஆட்டோ வரதான்னு பாருடி."

எண்ணெய்க் கடை என்று சொன்னேன் அல்லவா, பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மொத்த வியாபாரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எண்ணெயோடு எண்ணெயாகக் கிடந்தவள் நான். தகரத்தைக் குலுக்கினால் போதும், உள்ளே இருப்பது கலப்படமா சுத்தமா என்று சொல்லிவிடுவேன். கலப்படம் கலகலவென்று அலையும். நல்ல எண்ணெய் கனமாக அசையும். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதை விடு.

மெக்கானிக் சுகுமாரன் உன்னிடம், "அடுத்த தவண கூடிய ஓயில் ஒழிக்கணும் கேட்டோ மாமீ" என்று சொல்லியிருக்கிறான். ஒழிப்பது என்றால் ஊற்றுவது. நீ பகலெல்லாம் ஆபீஸில் மலையாளம் பேசி வருகிறவள். அதை அப்படியே கொண்டுவந்து என்னிடம் இறக்கினாய். "உங்க கடைத்தெருவுலதானே ஆயில் கடையும் இருக்கு. நீயே வாங்கிண்டு வந்துடு. சாதா வேண்டாம், கூடியதா பாத்து வாங்கு."

நான் வாங்கப் போனேன். அலமாரியில் வரிசையாக டின்கள். ஒவ்வொன்றிலும் நம்பர். நம்பர் வாசிக்க ஐந்தாம் வகுப்புப் போதும். 10W-30 என்று ஒன்று, 20W-40 என்று ஒன்று, 20W-50 என்று ஒன்று. கடைக்காரரிடம், "இதுல எது கூடினது?" என்று கேட்டேன். அவரும் நம்ம ஆள்தான், திருநெல்வேலிப் பக்கம். தமிழில் கேட்டதற்குத் தமிழில் பதில் சொன்னார். "இதாம்மா எல்லாத்துலயும் கூடினது" என்று ஐம்பதை எடுத்து வைத்தார். குலுக்கிப் பார்த்தேன். அசையவே யோசித்தது. அடடா, சரக்கென்றால் இதுதான் சரக்கு என்று இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் வந்து சேர்வதற்குள் சுகுமாரன் உன் வாசலில் பழைய ஆயிலை வடித்துவிட்டு, எதுவரை ஊற்ற வேண்டும் என்று அளவுக் கம்பியில் காட்டிக் கொடுத்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டான். உனக்கு அதில் சந்தோஷம். உன் கையால் ஊற்ற வேண்டும். அடுக்களையிலிருந்து புனல் எடுத்து வந்தாய். நீ சாய்க்க, நான் பிடிக்க, ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. "என்னடி இது, இப்படி மெதுவா எறங்கறது?" என்றாய். "நல்ல சரக்கு அப்படித்தான் எறங்கும்" என்றேன்.

மார்கழி. மறுநாள் விடியற்காலை நீ சாவியைத் திருப்பினதும் வண்டி முனகின சத்தம் எங்கள் தெரு வரை கேட்டது. பிரசவ வலி வந்த பசு மாதிரி. கிளம்பின பிறகும் உள்ளே டக் டக் என்று ஒரு இடி. நான் ஓடி வந்து பார்த்தால், அந்தச் சிவப்பு விளக்கு, சின்ன எண்ணெய்க் குப்பி படம் போட்டிருக்குமே, அது அணையாமல் என்னையே பார்த்தது.

சுகுமாரனைக் கூப்பிட்டாய். அவன் வந்து காலி டின்னைத் தூக்கிப் பார்த்தான். "இது ஆரு வாங்கிச்சு?"

நான் நின்றுகொண்டிருந்தேன். உனக்குப் பின்னால், படிக்கட்டில். என் முகம் எப்படி இருந்தது என்று நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணிமைக்காமல் சொன்னாய்: "கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான் சுகுமாரா."

"பொட்டன்" என்றான் அவன். பொட்டன் என்றால் முட்டாள். "ஆ கடைக்காரன் பொட்டன். புதிய வண்டிக்கு ஆரெங்கிலும் இது கொடுக்குமோ?"

அந்தப் பொட்டன் என்கிற பட்டத்தை நான் படிக்கட்டில் நின்றபடியே முழுங்கினேன்.

அவன் போன பிறகு நீ சிரிக்க ஆரம்பித்தாய். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மலையாளத்தில் கூடியது என்றால் உயர்ந்த ரகம், ஒசத்தி. நம்பர் கூடினது இல்லை. அந்த இடத்தில் நான் ஒப்புக்கொண்டிருந்தால் கதை முடிந்திருக்கும். "ஏட்டி, நீ கூடினதுன்னுதான சொன்ன? கூடினதத்தான் வாங்கிட்டு வந்தேன். இதுல என்ன தப்புங்கேன்?" என்றேன்.

"தப்பே இல்லடி ஆரியசாலை. தோசைக்கு ஊத்தியிருந்தா பிரமாதமா இருந்திருக்கும்."

பிறகு உட்கார வைத்துச் சொன்னாய். W என்றால் குளிர்காலம் என்றாய். "நம்ம ஊர்ல ஏதுட்டி குளிர்காலம்?" என்றேன். நீ குளியலறை மாடத்திலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து கவிழ்த்தாய். மார்கழிக் குளிரில் அது வெள்ளையாக உறைந்து, ஒரு சொட்டும் விழவில்லை. "இதுதான் நம்மூர் குளிர்காலம். வண்டிக்குள்ள இருக்கற ஆயிலும் விடியக்காலம் இப்படித்தான் சோம்பல் படும். முதல் நம்பர் எழுந்திருக்கறதுக்கு. ரெண்டாவது நம்பர் சூட்டுல ஓடறதுக்கு. முதல் நம்பர் சின்னதா இருந்தா சட்டுனு எழுந்துக்கும். ரெண்டாவது பெரிசா இருந்தா சூட்டுல தண்ணியாகாது. நம்ம வண்டி சின்னப் பொண்ணு, அதுக்குப் பத்தும் முப்பதும் போறும்."

எனக்குப் புரிந்தது. எண்ணெய்க்காரிக்கு எண்ணெயைப் பற்றிச் சொன்னால் புரியாதா? ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. உன்னிடம் தோற்க எனக்கு இஷ்டமில்லை. நீயும் விடவில்லை. காப்பி கலக்கும்போது, "நோக்கு கூடினதா, சாதாவா?" என்பாய். பூக்காரியிடம், "இவளுக்குக் கூடின முழம் குடும்மா" என்பாய். வடித்த அந்த ஆயிலைத் திரும்ப டின்னிலேயே ஊற்றி வைத்து, உன் வாசல் கேட்டின் கீலுக்கு வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தாய். கேட் சத்தமில்லாமல் திறக்கும்போதெல்லாம், "ஆரியசாலை உபயம்" என்று சொல்லுவாய்.

எத்தனை தடவை கேலி செய்தாலும் எல்லாம் நமக்குள்ளேதான். என் வீட்டுக்காரர் காதுக்குப் போகவில்லை. சுகுமாரன் காதுக்கும் போகவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கல்லாற்றுக்குப் போவோமே, அந்த ஞாயிற்றுக்கிழமைகள். பொன்முடி ஏற வண்டிக்கு மூச்சு வாங்கும் என்று நீ கல்லாற்றோடு நிறுத்திக்கொள்வாய். டீக்கடைக்கு எதிரே ஒதுக்கி, எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும் என்று ஆற்றில் கால் நனைத்துவிட்டு வந்து, கம்பியை உருவிப் பார்ப்பாய். உன் வீட்டுக்காரரின் பழைய வேட்டித் துண்டில் துடைப்பாய். மறுபடி சொருகி, உருவி, வெளிச்சத்தில் பிடிப்பாய். இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஆயில் நிற்கிறதா என்று கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்ப்பாய். ஒரு தடவை டீக்கடைக்காரர் வெளியே வந்து, "மாமிமாரு ரெண்டு பேர் மாத்ரமே ஒள்ளோ? ஞான் நோக்கட்டே?" என்றார். நீ நிமிரவே இல்லை. "வேண்டா. மூணு மாமிமாருண்டு. இவளும் ஒருத்தி" என்று பானட்டைத் தட்டினாய்.

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே நமக்குக் கூடின டீ கொடுத்தார். நிஜமாகவே ஒசத்தி.

பிறகு உனக்கு வந்த நோவு. அதை நான் எழுதப் போவதில்லை. ஒரு மத்தியானத்தை மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ சாய்ந்திருந்தாய். நர்ஸ் பெண் வந்து உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வேதன கூடியோ மாமீ?" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். உதடு காய்ந்து கிடந்தது, கண்ணில் மட்டும் அந்தப் பழைய குறும்பு. "கூடினதெல்லாம் இவளுக்குத்தான் வேணும் சிஸ்டர். நேக்கு சாதா போறும்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சிரித்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் மகன் ஃபோனில் அழுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், புது மருந்து இருக்கிறதாம், குழாய் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் என்றான். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "வேண்டாம்டி. கூடினது வேண்டாம், சாதாவே போறும். சாதா மதி. நீ அவன்கிட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பான்." நான் சொன்னேன். கேட்டான். அன்றைக்கு வந்த அசதி இன்னும் என் உடம்பை விட்டு இறங்கவில்லை.

அதனால்தான் போன வாரம் சுகுமாரன் கூடியது என்கிற அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு உன் கட்டில்தான் ஞாபகம் வந்தது.

சுகுமாரனுக்கும் தலை நரைத்துவிட்டது. கண்ணாடி போட்டிருக்கிறான். வண்டியைக் கிளப்பச் சொல்லி, பின்னால் குந்தி உட்கார்ந்து புகையைப் பார்த்தான். நீலம். "ஓயில் கத்துன்னு" என்றான். எஞ்சின் உள்ளே தேய்ந்து, ஆயில் மேலே ஏறி எரிகிறதாம். எஞ்சினைப் பிரித்து வேலை செய்தால் சரியாகும், ஆனால் இருபது வயது வண்டிக்கு அது தாங்காது. போன வருஷம் ஒரு படி ஏற்றி நாற்பது ஊற்றிப் பார்த்தான். அப்போதும் புகை நிற்கவில்லை. "இனி ஐம்பதாணு சேச்சீ. கட்டி கூடியது. அது இடைவெளிய அடச்சு நிக்கும். மருந்தொன்னுமல்ல, ஒரு தாங்கு. அத்ரயே ஒள்ளூ." அவ்வளவுதானாம்.

அனு ஃபோனை நீட்டினாள். "வண்டியோட புஸ்தகத்துல பத்து முப்பதுன்னுதான் இருக்கு. இங்க பாருங்க, ஆளாளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்க. ஒருத்தன் நம்பர மாத்தவே கூடாதுங்கான், ஒருத்தன் மாத்தியே ஆகணும்ங்கான்."

"புஸ்தகம் புதிய வண்டிக்கு எழுதியதல்லே மோளே" என்றான் சுகுமாரன். "வயசாயால் புஸ்தகத்தில் ஒள்ளதுபோல ஒக்கே நடக்குமோ? சேச்சியோடு சோதிக்கு."

சேச்சியிடம் என்னத்தைக் கேட்கிறது? கட்டியானதை ஊற்றி இழுத்துப் பிடிப்பதா, புத்தகத்தில் உள்ளபடி சாதாவை ஊற்றி, புகைந்தால் புகையட்டும், போனால் போகட்டும் என்று விடுவதா? என் காதில் உன் குரல்தான். கூடினது வேண்டாம்டி, சாதா மதி. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வண்டியின் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். உன் இருக்கையில் நீ போட்டிருந்த அந்தக் கட்டம் போட்ட உறை, ஸ்டியரிங்குக்குக் கீழே உன் முழங்கால் உரசி உரசிப் பளபளத்த இடம். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யோசித்தேன் என்று சொல்ல முடியாது, களைத்துப்போய் இருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் எழுந்திருக்கும்போது ஒன்று தெளிவாகியிருந்தது. சாதா போதும் என்று நீ உனக்குச் சொன்னாய். நான் அதைக் கேட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். வண்டிக்கு என்று நீ ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒன்றிலாவது என் இஷ்டம் நடக்கட்டும்.

ஆயிலை ஃபோனிலேயே வரவழைக்கலாம் என்றாள் அனு. நான் ஆட்டோ பிடித்து ஆரியசாலைக்குப் போனேன். எங்கள் கடை இருந்த இடத்தில் ஃபோனுக்கு உறை விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். ஆயில் கடை அங்கேயே இருக்கிறது, ஆள் மட்டும் வேறு. மலையாளி. உள்ளே போய்ப் படியில் கையூன்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து, "அம்மைக்குக் கூடியது வேணோ, சாதா மதியோ?" என்றார்.

ஏட்டி, நீ சொல்லிக் கொடுத்து அனுப்பின ஆள் மாதிரி இருந்தது.

"கூடியது வேண்டா" என்றேன். "நம்பர் கூடினது தா. இருபது, ஐம்பது." அவர் எடுத்து வைத்தார். குலுக்கிப் பார்த்தேன். அசைய யோசித்தது.

சுகுமாரன் ஊற்றினான். பாகு மாதிரி இறங்கியது. கம்பியை உருவிப் பார்க்கத் துணி தேடினான். கையில் கிடைத்ததெல்லாம் அழுக்கு. நான் முந்தானையை நீட்டி வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். "ஆச்சி, நல்ல சேலை!" என்று அனு கத்தினாள். இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஆயில் பொன்னாக நின்றது. நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித்தான் பார்த்தேன்.

அப்போதுதான் சுகுமாரன் டின்னைத் திருப்பி நம்பரைப் பார்த்துச் சிரித்தான். "சேச்சிக்கு ஓர்மையுண்டோ? பண்டு ஆ பொட்டன் கடைக்காரன் மாமிக்கு மாத்திக் கொடுத்தது இதே ஓயில். இப்போ இதல்லாதே வேறொன்னும் பற்றில்ல. காலம் போன போக்கு!"

அன்றைக்கு நான் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அதே நம்பர். இருபது வருஷமாக நீ என்னைக் கேலி செய்த அதே ஆயில். அதுதான் இப்போது சரியான ஆயில். நான் வாங்கினதில் தப்பே இல்லை, கொஞ்சம் முன்னாலேயே வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்! வாயைத் திறந்துவிட்டேன். கடைக்காரனும் இல்லை, கழுதையும் இல்லை, வாங்கினவள் நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அனுவும் பக்கத்தில் நிற்கிறாள். என் பேத்தி முன்னால் ஜெயிக்க இதைவிட நல்ல சமயம் எனக்கு எப்போது வரும்?

அப்போது ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் சுகுமாரன் வந்து போயிருக்கிறான், உனக்கும் அவனுக்கும் எவ்வளவோ பேச்சு, எவ்வளவோ சிரிப்பு. நீ ஒரு தடவைகூட வாய் தவறிச் சொல்லவில்லை. கடைக்காரன் கடைக்காரனாகவே இருந்திருக்கிறான். இப்போது நான் ஜெயிக்க வேண்டுமென்றால், நீ பொய் சொன்னதாக ஆக வேண்டும். எனக்காகச் சொன்ன பொய்.

வாயை மூடிக்கொண்டேன். "ஆமா சுகுமாரா, பொட்டன்தான்" என்றேன்.

நேற்றுச் சோதனை. மைதானத்தில் வரிசையாக வண்டிகள். நம்முடையது கிளம்ப அடம் பிடித்தது, முனகியது, பிறகு நின்றது நிலையாக. சோதிக்கிறவர் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். அனு மிதித்தாள். நான் பின்னால் போய்க் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் நில்லுங்கள் என்று அவர் சொன்னதும் காதில் விழவில்லை. நீலம் வரவில்லை. வெயிலில் காற்று நடுங்குகிற மாதிரி ஒரு நடுக்கம், அவ்வளவுதான். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். "பழைய வண்டியாணெங்கிலும் கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறதாம்.

இன்னும் ஐந்து வருஷத்துக்குக் காகிதம் கொடுப்பார்களாம். வண்டிக்கு. எனக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அனு சிரித்துவிட்டு, வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே கியர் மாற்றினாள். கரமனைப் பாலம் ஏறும்போது, "ஆச்சி, ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கீங்க? ஜெயிச்சாச்சுல்லா?" என்றாள்.

ஜெயித்தாயிற்று. அதை ஒப்புக்கொள்ள வேண்டியவள்தான் இல்லை. ஒரு வருஷம் முன்னால் இது நடந்திருந்தால் உன் கட்டிலருகே உட்கார்ந்து, "ஏட்டி, இப்ப சொல்லு, எது தப்பு?" என்று கேட்டிருப்பேன். நீ தோற்றதாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டாய். வேறு ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாய். அந்தப் பதில் என்னவாக இருந்திருக்கும் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு வரவில்லை. கேள்வி மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. பதில் எப்போதும் உன்னிடம்தான் இருந்தது.

ஆகையால் இதை இப்படியே வைத்துக்கொள்கிறேன். நான் சரியாகத்தான் வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஊருக்கு ஒரு பொட்டன் கடைக்காரன் இருந்துவிட்டுப் போகட்டும். உன் வீட்டுக்காரரின் அந்த வேட்டித் துண்டு டாஷ்போர்டு அறைக்குள்தான் இருக்கிறது. ஆயில் ஊற்றின அன்றைக்கு அவசரத்தில் அதை மறந்துவிட்டு முந்தானையை நீட்டினேன், இல்லையென்றால் இத்தனை மணம் இல்லை. இனி மறக்க மாட்டேன். ஞாயிறுதோறும் காலையில், வண்டி கிளம்புவதற்கு முன்னால், துடைத்து, சொருகி, உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அனுவிடம் விட மாட்டேன். அது என் வேலை.

நாளைக்கு ஞாயிறு. கல்லாறு போகலாம் என்கிறாள். முதல் நம்பர் எழுந்திருக்கிறதுக்கு என்று சொன்னாயே, இப்போது அது இருபது. மெதுவாகத்தான் எழுந்திருப்போம், வண்டியும் நானும்.